மூன்றாவது வருத்தம்

ஹப்புத்தளை பிரதேச சபை ஆயுர்வேத மருந்தகத்தில்
கசாயப் போத்தல் கழுவத்தான் எனக்குச் சம்பளம்.
மொழிபெயர்ப்புக்குக் கிடையாது.
டொக்டர் மிஸ்ஸுக்குத் தமிழில்
'வாங்க' தெரியும், 'நாக்க நீட்டுங்க' தெரியும்.
மிச்சமெல்லாம் நான்.

நெஞ்செரிவென்று வருகிறவர்களிடம் எனக்கு வேலை குறைவு.
பித்தம் என்பான் டிரையர் அறை முத்துலிங்கம்,
பித்த என்று எழுதிக்கொள்வார் மிஸ்.
கடைசி ம் மட்டும்
இரண்டு மொழிக்கும் நடுவே நின்றுவிடும்.
ராத்திரி ஷிப்டில் எத்தனை பிளேன்டீ?
ஒன்பது என்பான்.
வெறும் வயிற்றில் என்பதை நான் சேர்த்துவிடுவேன்.
அடுத்த லயத்தில் இருக்கிறவனுக்குத் தெரியாதா?

பயமும் அப்படித்தான்,
ம் உதிர்ந்தால் பய.
ஆனால் கீழ்ப்பிரிவு பங்கஜராஜ் சொன்னதை
முழுசாகக் கொண்டுபோக முடியவில்லை.
'மேல மண்ணு நகர்ற சத்தம் கேக்குது,
மழை இல்லாத ராவுலயும் கேக்குது,
மோட்டார் சைக்கிள் வந்தா லோன்காரனோன்னு
கை தந்தியடிக்குது.'
சத்தம் நிஜமா என்று மிஸ் கேட்கச் சொன்னார்.
கேட்டேன்.
அவன் என் முகத்தைப் பார்த்தான்:
'ஏன், ஒனக்குக் கேக்கலியா?'
அதை நான் சிங்களத்தில் சொல்லவில்லை.

எல்லோரும் எழுந்து போவார்கள்.
கதவுக் கொண்டியைப் பிடித்தபிறகுதான்
திரும்புவார்கள்.
'அப்பறம்... அது.'
அதுவுக்கு நான் கண்டுபிடித்த சொல்: அர ஏக.
அதன் அர்த்தமும் 'அந்த அது'தான்.
மிஸ் தலை நிமிர மாட்டார், பேனா மட்டும் ஓடும்.
முப்பது வயசிருக்குமா அவருக்கு?
வெட்கம் முழுவதும் எங்களுடையது.

நேற்று இருபத்திரண்டு துண்டு.
மூடுபனி ஜன்னல்வரை வந்தபிறகு
மேசையில் இருபத்து மூன்றாவது கிடந்தது,
என் கையெழுத்தில்.
'யாருக்கு?'
'ஒரு ஆள், மிஸ். வர வெட்கப்படுகிறான்.'
'வயது?'
நாற்பத்தொன்று என்று
ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன்,
அவன் வெளியே நனைந்துகொண்டிருப்பதுபோல.
எரிவு இருக்காம்.
மழை நாளில் தூக்கம் இல்லையாம்.
அப்புறம், அர ஏக.

'அவர் மனைவி என்ன சொல்கிறார்?'

இதுவரை யாரிடமும் கேட்காத கேள்வி.
லலிதாம்பாள் ஒன்றும் சொல்வதில்லை, மிஸ்.
'இருக்கட்டும், காலையில மலைக்குப் போகணும்' என்பாள்.
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டு
அட்டை கடித்த காலை மட்டும்
பின்னால் நீட்டி என் கால்மேல் வைத்துக்கொள்வாள்.
இதற்குச் சிங்களம் வரவில்லை.
தமிழே அப்போதுதான் வந்தது.
'ஒன்றும் சொல்வதில்லையாம்' என்றேன்.

'அந்த ஆளிடம் சொல்லுங்கள்,
தேத்தண்ணி மூன்று போதும், சாப்பிட்டபிறகு.
அமுக்கராச் சூரணம் தருகிறேன், அது மந்திரமில்லை.
பஸ்ஸில் ஒட்டியிருக்கும் லேகியத்தை வாங்க வேண்டாம்.
முதலில் திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில்
சீனியும் பிரஷரும் பார்க்கட்டும்.
இன்னொன்று,
பயமாயிருக்கிறது என்று மனைவிக்குச் சொன்னாரா?'

கேட்டுச் சொல்கிறேன், மிஸ்.

பொட்டலத்தில் பேர் எழுதவேண்டும்.
பேனாவைப் பிடித்தபடி நின்றார்.
மலையில் பாதி நாள் வேலைக்கு
அரைப்பேர் போடுவார்கள்.
அதுபோல் ஒன்று போட்டால் ஆகாதா?
கொஞ்சநேரம் பார்த்துவிட்டு
23 என்று மட்டும் எழுதினார்.

ராத்திரி
லலிதா காலுக்குச் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
'என்ன பொட்டலம் அது?'
வழியெல்லாம் சிங்களத்தில் தயாராக இருந்தது எல்லாம்.
மண் நகரும் சத்தம் கேட்டது,
அல்லது கோச்சி.
'ஒரு ஆளு' என்று ஆரம்பித்தேன்.

'எந்த ஆளு?' என்றாள்.